இலைக்கு மார்க் போட்ட நாட்கள்

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எத்தனை இலை, என்ன விலை என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெண் மட்டும், "இது எப்ப வெட்டினதும்மா?" என்று கேட்டாள்.

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு வாழையிலைக் கடை. ஜீயபுரத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும். இப்போது மகன்தான் பார்த்துக்கொள்கிறான். நான் உள்ளே உட்கார்ந்து இலை நறுக்குவேன், ஈரச்சாக்கு போட்டு மூடுவேன். புது ஆட்களிடம் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. அன்றைக்கு மகன் டீ குடிக்கப் போயிருந்தான். அதனால் நான் எழுந்து வர வேண்டியதாகிவிட்டது.

தலையில் முக்காடு போட்ட பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். தோளில் பை, கையில் நோட்டு. நான் நடு நரம்பை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "நேத்து பொழுது சாயறப்ப வெட்டினது" என்றேன்.

"அது?"

"அது இன்னைக்கு வெள்ளன."

"எப்படிம்மா தொட்டதும் சொல்றீங்க?"

இதற்கு என்ன பதில் சொல்ல? தெரிகிறது, சொல்கிறேன். நான் சும்மா சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அவள் நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டு இரண்டு இலை வாங்கிப் போனாள். இரண்டு இலையில் என்ன விருந்து போடுவாள் என்று நினைத்தேன்.

மூன்று நாள் கழித்துத் திரும்ப வந்தாள். இந்தத் தடவை மகனும் இருந்தான், மருமகளும் இருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு காலேஜில் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். அறுத்த வாழையிலை ஏன் மஞ்சளாகிறது, அதை எத்தனை நாள் தள்ளிப்போட முடியும் என்று பார்க்கிறாளாம். தினமும் காலையில் வந்து இலைகளைப் பார்த்து மார்க் போட ஒருவர் வேண்டும். பன்னிரண்டு நாள். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அவள் பொறுப்பு.

"அதுக்கெல்லாம் மெஷின் இருக்குமே?" என்றான் மகன்.

"இருக்குண்ணே. ஆனா இலையை அரைச்சாத்தான் அது சொல்லும். இன்னைக்கு அரைச்சிட்டா நாளைக்கு அந்த இலை ஏது?"

"காலேஜ்ல படிச்சவங்க இல்லையா?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"அவங்களுக்கெல்லாம் எந்த பாட்டில்ல என்ன இருக்குன்னு தெரியும்மா. எனக்கு ஒண்ணும் தெரியாதவங்கதான் வேணும்."

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுக்கு எங்க அத்தையை விட்டா ஆளே கெடைக்காது, கூட்டிட்டுப் போங்க" என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அந்தப் பெண் கேலியாகச் சொல்லவில்லை என்றும் பட்டது. ஒன்றும் தெரியாமல் இருப்பது ஒரு வேலையாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டே சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் போனேன். காலேஜ் வாசலிலேயே அவள் நின்றுகொண்டிருந்தாள், நான் திரும்பிப் போய்விடுவேன் என்று பயந்த மாதிரி. மாடியில் ஒரு நீளமான அறை. சுவரோரம் ஒரு இரும்பு பீரோ, அதற்கு முன்னால் கருப்புத் துணி. துணியை விலக்கினால் உள்ளே தட்டுத்தட்டாகப் பாட்டில்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு நுனி இலை, தண்டு மட்டும் நீருக்குள். வாயில் பஞ்சு அடைத்திருந்தது. இருபத்து நாலு பாட்டில். நம்பர் மட்டும் ஒட்டியிருந்தாள்.

"ஏன் இருட்டுல வெச்சிருக்கீங்க?"

"இருட்டுல சீக்கிரம் மஞ்சளாகும்மா. வெளிச்சத்துல வெச்சா எனக்கு நாளாகும்."

சில பாட்டிலில் வெறும் தண்ணீர், சிலதில் கடையில் வாங்கின ஒரு மருந்து, சிலதில் இளநீர். எது எதில் என்று சீட்டு எழுதிக் குலுக்கி முடிவு பண்ணினாளாம். அந்தத் தாளை அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். கோவிலில் பூக்கட்டிப் பார்க்கிற மாதிரியா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"இல்லைம்மா. அங்க சாமியைக் கேப்பீங்க. இதுல யாரையும் கேக்கறது இல்லை."

யாரையும் கேட்காமல் எதற்குச் சீட்டுக் குலுக்க வேண்டும் என்று அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் சரியாகப் புரியவில்லை. வரிசையாக எட்டு, எட்டு, எட்டு என்று வைத்தால் பார்க்க லட்சணமாக இருந்திருக்கும்.

மார்க் போடுவதில் முதல் நாளே சிக்கல். ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் போடச் சொன்னாள். எனக்கு நம்பரில் ஓடவில்லை. ஒவ்வொரு இலையாக ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, "இது கல்யாணத்துக்குப் போடலாம். இது ஓட்டலுக்கு. இது வீட்டுக்கு" என்று வாய் முணுமுணுத்ததை அவள் கேட்டுவிட்டாள்.

"அதையே சொல்லுங்கம்மா! வீட்டுக்கு அப்புறம்?"

"பொட்டலம் கட்ட. அதுக்கும் கீழே போனா மாட்டுக்கு."

அவள் கைதட்டினாள். கல்யாணம் ஐந்து, ஓட்டல் நாலு, வீடு மூன்று, பொட்டலம் இரண்டு, மாடு ஒன்று. இங்கிலீஷில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள். அவளுடைய சார் வந்து அதைப் படித்துவிட்டு, "மாட்டுக்கு ஒண்ணுதானா? பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வயசானவர். அந்த வருஷம் முடிகிறபோது ரிட்டயர் ஆகிறவர்.

அதுதான் அவளுக்கு இருந்த பிரச்சினை. சார் போவதற்குள் ஆராய்ச்சிப் புத்தகத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். போய்விட்டால் வேறு ஆளிடம் முதலிலிருந்து விளக்கி, அவர் வேறு மாதிரி செய் என்று சொல்லி, இன்னும் இரண்டு வருஷம் ஓடிவிடும். எல்லாம் எழுதி முடித்துவிட்டாள், இந்த ஒரு அத்தியாயம்தான் பாக்கி. இதையே முன்னால் இரண்டு தடவை செய்து, இரண்டு தடவையும் பூசணம் பிடித்துப் போய்விட்டது. இதை என்னிடம் தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். கண் மட்டும் தோசையைப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள், இலை ஏன் மஞ்சளாகிறது என்று சொன்னாள். நான் காய்ந்துபோவதால் என்று நினைத்திருந்தேன். அது இல்லையாம். இலை தானே தன்னுடைய பச்சையைப் பிரித்து எடுத்து, அதில் இருக்கிற நல்லதையெல்லாம் மரத்துக்கு அனுப்பி வைக்கப் பார்க்குமாம்.

"வெட்டினப்புறம் மரம் எங்க இருக்கு?"

"அது இலைக்குத் தெரியாதும்மா. வேர்லேர்ந்து ஒரு சரக்கு மேல வந்துக்கிட்டே இருக்கும். அது வர்ற வரைக்கும் இலை பச்சையா இருக்கும். வரலைன்னா, சரி நம்ம காலம் முடிஞ்சதுன்னு மூட்டை கட்ட ஆரம்பிச்சிடும். அந்தச் சரக்கு இளநீர்ல இருக்கு. அதுல தண்டை வெச்சா, வேர் இன்னும் இருக்குன்னு இலை நெனச்சுக்கும்."

"அப்ப இலையை ஏமாத்தறோமா?"

"அப்படித்தான்" என்று சிரித்தாள். "இது வேலை செஞ்சா அந்த மருந்தே வேண்டாம்மா. உங்க கடையிலயே நீங்க இளநீர் ஊத்தி வெச்சுக்கலாம்."

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நாற்பது வருஷமாக இலை விற்கிறேன். இலை என்னைக் கேட்காமலே மூட்டை கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் வெயில் என்றும் காற்று என்றும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலையில் ஏழாம் நம்பர் பாட்டிலைக் கையில் எடுத்தபோது லேசாக ஒரு வாடை வந்தது. வெட்டி வைத்து மறந்துபோன இளநீரின் புளிப்பு வாடை. பஞ்சுக்குள்ளிருந்து வந்தது. சாயங்காலம் சாயங்காலம் அவள் எல்லாப் பாட்டிலிலும் புதிதாக மாற்றி ஊற்றினாலும் தண்டில் ஏறினது போகவில்லை. ஒன்பதாம் நம்பரில் இல்லை. பன்னிரண்டில் இருந்தது. பதிமூன்றில் இருந்தது. நான் தேடவில்லை. மூக்கு அதுவாகப் பார்த்துக்கொண்டது. இருபத்து நாலும் முடிகிறபோது எந்த எட்டில் இளநீர் என்று எனக்குத் தெரிந்துபோயிருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். இது அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில்தானே நிற்கிறாள், அவளுக்கும் வாடை வரும்தானே. அப்புறம், வாடை தெரிந்தால் என்ன, பார்க்கிறது கண்தானே என்றும் நினைத்தேன். அப்புறம், ஒன்றும் தெரியாதவள் என்று கூப்பிட்டு வந்தாளே, தெரியும் என்று சொன்னால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்றும் இருந்தது. இதில் எது நிஜமான காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஐந்தாம் நாள், ஆறாம் நாள் எல்லாம் அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. நான் சொல்கிற மார்க்கை எழுதும்போது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள். எட்டாம் நாள் அடக்க முடியாமல், "ரொம்ப நல்லா வருதும்மா" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் பிறகு உறுத்தியது.

இலை வியாபாரத்தில் எங்களுக்கு இரண்டு பார்வை. கட்டு வாங்கும்போது, காலையில் வெட்டின இலையைக் கூட "என்னங்க, வாடிக் கெடக்குது" என்போம். விற்கும்போது, முந்தாநாள் இலையை "இப்பத்தான் வந்து இறங்கிச்சு" என்போம். இரண்டும் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. அந்தச் சமயத்தில் கண்ணுக்கே அப்படித்தான் தெரியும். இங்கே நான் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. அப்போது எந்தப் பார்வையில் பார்க்கிறேன்?

ஒன்பதாம் நாள் அவள் மேலே வர நேரமாயிற்று. பீரோவைத் திறந்துவிட்டு, சார் கூப்பிட்டார் என்று பையோடேயே கீழே போயிருந்தாள். நான் ஏழாம் நம்பரையும் ஒன்பதாம் நம்பரையும் எடுத்து ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள். ஒரே மஞ்சள். முந்தின நாள் தாள் மேஜை மேலே இருந்தது. தமிழ் எழுத்தையும் நம்பரையும் நான் நன்றாகப் படிப்பேன். ஏழுக்கு நாலு. ஒன்பதுக்கு மூன்று. ஒன்றை ஓட்டலுக்கு அனுப்பியிருக்கிறேன், ஒன்றை வீட்டுக்கு.

ஒரு ராத்திரியில் ஏழாம் நம்பர் கூடுதலாக மஞ்சளாகியிருக்கலாம். அதுவும் நடக்கக்கூடியதுதான். எத்தனை தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் நேற்று எப்படி இருந்தது என்று இலை சொல்லவில்லை.

அவள் மேலே வந்ததும், "பாப்பா, ஒரு விஷயம்" என்றேன்.

"சொல்லுங்கம்மா. பஸ் காசு வேணுமா?"

"எதுல எளநி இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அவள் பையைக்கூட இறக்கவில்லை. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. வாடை வருது."

ஏழாம் நம்பரை எடுத்து, பஞ்சைப் பிடுங்கி, மூக்குக்குக் கிட்டத்தில் வைத்து இழுத்தாள். திரும்பவும் இழுத்தாள். "எனக்கு ஒண்ணும் வரலையே!"

"இவ்வளவு புளிச்சுக் கெடக்கு, வரலையா?"

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க அத்தாவுக்கு அத்தர் கடைம்மா. பொறந்ததுலேர்ந்து அதுக்குள்ளயேதான். எங்க வீட்ல சோறு தீஞ்சாக்கூட பக்கத்து வீட்டுக்காரங்க வந்துதான் சொல்லணும்." சிரிக்க வேண்டிய பேச்சுதான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"என்னைக்குத் தெரிஞ்சுது?"

"மூணாம் நாள்."

நோட்டைத் திறந்து மூன்றாம் நாள் பக்கத்திலிருந்து எண்ணினாள். ஆறு நாள்.

"நான் வேணும்னு தப்பாப் போடலை பாப்பா."

"தெரியும்மா."

"ஆனா தப்பாப் போட்டேனா, போடலையான்னும் எனக்குத் தெரியலை."

அவள் எழுந்து போய்ச் சாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சார் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எல்லாப் பாட்டிலையும் மேஜையில் பரப்பி, நம்பர் தெரியாமல் காகிதம் சுற்றி, ஒவ்வொன்றாக மோந்து பார்க்கச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். எட்டு பாட்டிலை எடுத்துத் தனியாக வைத்தேன். அவள் அலமாரியைத் திறந்து தாளைக் கொண்டு வந்தாள். எட்டும் சரி.

"நல்ல மெஷின்தான் புடிச்சிருக்கீங்க" என்றார் சார் அவளிடம். "வேற ஆராய்ச்சிக்கு."

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் அந்த ஆறு பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அடிக்கோல் வைத்து நிதானமாகப் போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கீழே இறங்கி பஸ் ஏறிவிட்டேன்.

இனிமேல் கூப்பிட மாட்டாள் என்றுதான் இருந்தேன். நாலாம் நாள் கடைக்கு வந்து நின்றாள். புதுசாக இலை வெட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாளாம். சாருக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறதாம். இன்னொரு தடவை செய்யலாம், ஆனால் அதற்குமேல் ஒரு தடவைகூட முடியாது.

"வேற ஆளை வெச்சுக்கக் கூடாதா?" என்றேன்.

"கல்யாணம், ஓட்டல்னு பிரிச்சுப் பார்க்க வேற ஆளுக்குக் கண்ணு வராதும்மா. நீங்கதான் வரணும்." பையிலிருந்து ஒரு சின்னக் குப்பி எடுத்தாள். "வர்றப்ப தினமும் இதுல ரெண்டு சொட்டு மூக்குக்குக் கீழ தடவிக்கணும். அத்தா கடையிலயே ரொம்பக் காட்டமானது."

அப்படித்தான் பன்னிரண்டு நாள் போனேன். மல்லியும் சந்தனமும் இன்னும் என்னவெல்லாமோ கலந்த அத்தர். பாட்டில் வாடை வராதது மட்டும் இல்லை, தோசை வாடைகூட வரவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்தால் மருமகள், "அத்தை, உண்மையைச் சொல்லுங்க, மாப்பிள்ளை யாரு?" என்பாள்.

இந்தத் தடவை பார்ப்பது கஷ்டமாக இருந்தது. முன்பெல்லாம் டக்கென்று சொன்னவள், ஒவ்வொரு இலைக்கும் நின்று நின்று யோசித்தேன். இதில் இளநீர் இருக்குமோ, இருக்கும் என்று நினைத்து அதிகமாகப் போடுகிறேனோ, அப்படி நினைக்கக் கூடாது என்று வேண்டுமென்றே குறைத்துப் போடுகிறேனோ. ஒரு நாள் பதினாலாம் நம்பருக்கு மூன்று என்று சொல்லி, இல்லை நாலு என்று சொல்லி, திரும்ப மூன்று என்றேன். அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். கோபப்படவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது மட்டும் இந்தத் தடவை இல்லை.

கடைசி நாள் பூட்டின தாளை எடுத்து எனக்கு எதிரிலேயே பிரித்துப் பார்த்தாள். இளநீரில் வைத்த இலை, தண்ணீரில் வைத்ததைவிட ஒரு நாள், ஒன்றரை நாள் கூடுதலாகத் தாங்கியிருந்தது. போன தடவை கோடு போட்ட பக்கங்களில் நாலு நாள் வந்திருந்ததாம். அப்புறம் எல்லா இலையையும் வெட்டி அரைத்து, அந்தப் பச்சைத் தண்ணீரை மெஷினில் வைத்தாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். மெஷின் சொன்ன பச்சையை அவள் நாள் கணக்காக மாற்றினாள். ஒன்றரைக்கு மேல், நாலுக்குக் கீழ்.

"அப்ப நான் மொத தடவை பொய் சொல்லியிருக்கேனா? இல்ல, இந்தத் தடவை சொல்லியிருக்கேனா?"

"தெரியலைம்மா. அந்த இலை வேற, இந்த இலை வேற. நடுவுல மழை வேற பேஞ்சுது. மொத இலைங்களை அரைக்கவும் இல்லை, தூக்கிப் போட்டுட்டேன்."

"கண்டுபிடிக்க வழியே இல்லையா?"

"இல்லை."

இலைக்குள் நடப்பதையெல்லாம் அவ்வளவு தெளிவாகச் சொன்ன பெண், இதற்கு ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். நான் அப்படி எதிர்பார்க்கவில்லை. படித்தவர்களிடம் கேட்டால் ஏதாவது ஒரு பக்கம் சொல்லிவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தைச் சார் ரிட்டயர் ஆவதற்கு முன்னால் கொடுத்துவிட்டாள். கொடுத்த மறுநாள் அதில் ஒரு பிரதியைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டினாள். கனமான புத்தகம், அட்டையில் தங்க எழுத்து. கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள். மற்றதெல்லாம் முப்பது பக்கம், நாற்பது பக்கம். அது மட்டும் ஒன்பது பக்கம். அதில் ஒரு வரியில் விரலை வைத்து, "இது உங்களைப் பத்திதாம்மா" என்று சொல்லி, அதைத் தமிழில் படித்துக் காட்டினாள். இலை வியாபாரத்தில் அனுபவமுள்ள ஒருவர் பார்த்தார், மூன்றாம் நாளிலிருந்து எந்தப் பாட்டிலில் இளநீர் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அதை அவரே சொன்னார், அதனால் முதல் தடவை எடுத்த மார்க் எதையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான். பெயர் இல்லை. பெயர் இல்லாதது எனக்கு நல்லதாகப் பட்டது.

"நாலு நாள்னு வந்திருந்தா பெரிசா இருந்திருக்கும்ல?" என்றேன்.

"இருந்திருக்கும். சார்கூட, வெளிநாட்டுக்கு அனுப்பலாம்னு சொல்லிட்டிருந்தாங்க." புத்தகத்தை மூடினாள். "ஒரு ரெண்டு நாள் உங்க மேல ரொம்பக் கோவமா இருந்தேம்மா. வீட்ல யார்கிட்டயும் பேசலை."

"ஆறு நாள் சொல்லாம இருந்ததுக்கா, ஏழாவது நாள் சொன்னதுக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள்.  அப்புறம் அட்டையின் தங்க எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"ரெண்டுக்கும்னு நெனக்கிறேன்" என்றாள். "இல்ல... தெரியலைம்மா."

அதற்குள் ஒரு கல்யாணக்காரர் வந்து முந்நூறு இலை கேட்டார். மகன் என்னைக் கூப்பிட்டான். நான் உள்ளே போய்க் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தேன். எண்ணிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தபோது அவள் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. நான் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எண்ணிக்கை தவறிவிட்டது. முதலிலிருந்து எண்ணினேன்.